திறந்திருந்த அறையும் வராத பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் உள்ளவர்களும் ஆசிரிய நண்பர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

2008 மே 12, திங்கட்கிழமை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பிற்பகல் 2.28. மதிய ஓய்வு முடிந்து பிள்ளைகள் வகுப்பறைகளில் இருந்த நேரம். வென்சுவான் என்ற இடத்தை மையமாகக் கொண்டு, சீனக் கணக்கில் 8.0 அளவான பூமியதிர்ச்சி வந்தது. சுமார் 69,000 பேர் இறந்தார்கள். இன்னும் 18,000 பேர் வரை காணாமல் போனார்கள். பெய்ச்சுவான் என்ற மலைப்பகுதி ஊரின் இடைநிலைப் பாடசாலையில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் இடிபாடுகளுக்குள் போனார்கள். அந்த அனர்த்தத்தில் இறந்த அல்லது காணாமல் போன மாணவர்கள் 5,335 பேர் என்று ஒரு வருடம் கழித்து அரசாங்கம் அறிவித்தது.

இடிபாடுகளை அகற்ற இராணுவம் வந்தது. கூடவே இன்னொரு கூட்டமும் வந்தது: உளவியலாளர்கள், உளவளத்துணையாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொண்டர்கள். சீன வரலாற்றில் ஓர் அனர்த்தத்துக்குப் பின் மனதைக் கவனிக்க இவ்வளவு பேர் திரண்டது அதுவே முதல் தடவை. தற்காலிகப் பாடசாலைகளில் ஆலோசனை அறைகள் திறந்தார்கள்.

ஆனால் பல பிள்ளைகள் தாமாக அந்த அறைகளுக்குப் போகவில்லை. சில முகாம்களில் ஒரு கசப்பான பகிடியும் பரவியது. தீயிடமும் திருடனிடமும் உளவியலாளரிடமும் கவனமாக இருங்கள் என்பதே அந்தப் பகிடி.

உதவி வாசலுக்கே வந்தும் ஏன் இப்படி? பதில் தேடினால் நாம் 2008க்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது.

*உளவியலே தடைப்பட்டிருந்த காலம்*

1917இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சீனாவின் முதலாவது உளவியல் ஆய்வுகூடம் தொடங்கியது. 1921இல் சீன உளவியல் சங்கம் உருவானது. ஆக அந்தத் துறை அங்கே புதியதல்ல. ஆனால் 1965இல் யாவோ வென்யுவான் என்ற அரசியல் எழுத்தாளர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுபிள்ளைகள் நிறத்தையும் வடிவத்தையும் எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று பேராசிரியர் சென் லீ செய்த ஓர் எளிய ஆய்வைத் தாக்கியே அது எழுதப்பட்டது. உளவியல் வர்க்கத்தைப் பார்க்காத போலி விஞ்ஞானம் என்ற பழி அதன் மேல் விழுந்தது. அடுத்த வருடம் கலாசாரப் புரட்சி தொடங்கியது. உளவியல் கற்பித்தல் நின்றது, ஆய்வு நிறுவனம் மூடப்பட்டது, பேராசிரியர்கள் கிராமங்களுக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த நிலையில்தான் 1976 ஜூலை 28 அதிகாலை 3.42க்கு தாங்ஷான் நகரம் நொறுங்கியது. அரசாங்கக் கணக்கின்படியே 242,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாலாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தாய், தகப்பன் இருவரையும் இழந்தார்கள். சீனா வெளிநாட்டு உதவியை ஏற்கவில்லை. இறந்தவர் தொகையைக்கூட 1979இல்தான் உலகத்துக்குச் சொன்னது.

அநாதைப் பிள்ளைகளை அரசு கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷிஜியாசுவாங் நகரில் அவர்களுக்கென்றே பாடசாலை அமைத்து, உணவு, உடுப்பு, படிப்பு எல்லாம் கொடுத்தார்கள். இல்லாதது ஒன்றுதான். இரவில் திடுக்கிட்டு எழும்பும் ஒரு பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்பதற்கென்று பயின்ற ஒருவர் நாட்டிலேயே இருக்கவில்லை. துக்கத்தைப் பலமாக மாற்று, நாட்டுக்காக உழை என்பதே அன்றைய பேச்சு. பல வருடங்களின் பின் ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிய பின்னும் சிலரிடம் அதிர்ச்சியின் அடையாளங்கள் தென்பட்டன.

*"நரம்புத் தளர்ச்சி" என்ற போர்வை*

1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகர மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே "நரம்புத் தளர்ச்சி" என்று அடையாளமிடப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அவர்கள் சொன்னதெல்லாம் தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்று, உடம்பு அசதி. ஆனால் அவருடைய அளவுகோலின்படி 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது.

அவர்கள் நடிக்கவில்லை. தலை உண்மையாகவே வலித்தது. ஆனால் "மனம் உடைந்துவிட்டது" என்று சொன்னால், புரட்சிக் காலத்தில் அது அரசியல் குறைபாடாகப் பார்க்கப்படும். குடும்பத்துக்கும் அவமானம். தலைவலி என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், விடுமுறையும் கிடைக்கும். ஆகவே சொல்லக்கூடிய ஒரே மொழியில் சொன்னார்கள்.

நம்மூரில் "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது", "கை கால் விறைக்குது" என்று வைத்தியசாலைக்குப் போகும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். இது சீனர்களுக்கு மட்டும் உரிய கதையல்ல.

*2008இல் பிள்ளைகள் ஏன் விலகி நின்றார்கள்?*

உளவியல் 1978 அளவில் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் முப்பது வருடத்தில் ஒரு சமூகத்தின் பழக்கம் மாறிவிடாது. நான் வாசித்தவற்றிலிருந்து விளங்கிக்கொண்ட காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சொல். சீன மொழியில் உளவளத்துணையைக் குறிக்க "சின்லி" என்று தொடங்கும் ஒரு சொல் உண்டு. ஆனால் சாதாரண சனத்தின் காதில் விழுவது "ஜிங்ஷன்பிங்". அது நம் "பைத்தியம்" மாதிரி ஏச்சாகவும் பாவிக்கப்படும் சொல். எல்லோரும் பார்க்க ஓர் அறைக்குள் போய் வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் சாதாரணமானதல்ல.

இரண்டாவது, முகம். வீட்டுக் குறையை வெளியே கொண்டு போகாதே என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வார்த்தை. பிள்ளைகள் முதலில் போனது நண்பனிடம், பிறகு குடும்பத்தாரிடம், சிலவேளை வகுப்பாசிரியரிடம். முன்பின் தெரியாத நிபுணர் கடைசியில்தான்.

மூன்றாவது, பாரம் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம். தம்பியை இழந்த அக்கா, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அழுகையை விழுங்கிவிடுகிறாள். ஒரு பிள்ளைக் கொள்கையால் இருந்த ஒரே பிள்ளையையும் இழந்த பெற்றோர் ஆயிரக்கணக்கில். அந்த ஊரில் உயிர் தப்பிய ஒரு மாணவன் "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று யாரிடம் போய்ச் சொல்வான்? உயிரோடு இருப்பதே பெரும் கொடுப்பினை என்று எல்லோரும் சொல்லும்போது, முறைப்பாடு சொல்ல வாய் வராது.

நான்காவது, பரீட்சை. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையான காவ்காவ் ஜூன் மாதம் நடக்க வேண்டும். சிச்சுவானில் மோசமாகப் பாதிக்கப்பட்ட 40 மாவட்டங்களுக்கு அதை ஜூலை 3க்குத் தள்ளினார்கள். அவ்வளவுதான். கூடாரங்களுக்குள் பிள்ளைகள் புத்தகம் பிடித்தார்கள். மே 23இல் பிரதமர் வென் ஜியாபாவோ பெய்ச்சுவான் மாணவர்களின் தற்காலிக வகுப்பறைக்கு வந்து, துன்பங்கள் நாட்டை எழச்செய்யும் என்ற கருத்துள்ள நான்கு எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதினார். நல்ல நோக்கம்தான். ஆனால் "பலமாக இரு" என்று எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் பிள்ளை, பலவீனத்தை ஒப்புக்கொள்ள எந்தக் கதவைத் தட்டும்?

ஐந்தாவது, கேட்கக்கூடாத கேள்வி. பக்கத்துக் கட்டடங்கள் நிற்க, பாடசாலைகள் மட்டும் ஏன் தூளாகின என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அடக்கப்பட்டது. இறந்த மாணவர்களின் பெயர்களைத் திரட்டியவர்கள் தொல்லைக்கு உள்ளானார்கள். பாடசாலைகளின் கட்டுமானத்தை விசாரித்த டான் சுவோரென் 2010இல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். மரணத்தின் காரணத்தைப் பேச முடியாத இடத்தில், மரணத்தின் துக்கத்தை மட்டும் தனியாகப் பேசு என்றால் எப்படிப் பேசுவது?

ஆறாவது, உதவ வந்தவர்களின் பிழை. ஒரு குழு வந்து படம் வரையச் சொல்லும், வினாக்கொத்து நிரப்பச் சொல்லும், அன்று என்ன நடந்தது என்று கேட்கும். பிள்ளை அழும். குழு போய்விடும். அடுத்த கிழமை இன்னொரு குழு அதே கேள்வியோடு வரும். ஒவ்வொரு தடவையும் காயத்தைத் திறந்தார்கள், மூடுவதற்கு ஆள் இல்லை. முகாமில் பரவிய அந்தப் பகிடி இங்கேதான் பிறந்தது. 2004 சுனாமிக்குப் பின் நம் கரையோரத்துக்கும் பல நாட்டு ஆலோசகர்கள் வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த அனுபவங்களையும் சேர்த்துத்தான் 2007இல் சர்வதேச அமைப்புகள் கூட்டாக ஒரு வழிகாட்டி வெளியிட்டன: முதலில் பாதுகாப்பு, உணவு, குடும்பத்தைச் சேர்த்துவைத்தல். உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் துணைகளைப் பலப்படுத்துதல். நிபுணரின் சிகிச்சை தேவைப்படும் சிலருக்கு மட்டும்.

*எது வேலை செய்தது?*

தங்கி நின்றவர்கள் வேலை செய்தார்கள். சீன விஞ்ஞானக் கழகத்தின் உளவியல் நிறுவனம் மியான்சு, பெய்ச்சுவான் போன்ற இடங்களில் நிலையங்கள் அமைத்து வருடக்கணக்கில் இருந்தது. வெளியாளாக இராமல், உள்ளூர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். அங்கே வகுப்பாசிரியர் பெரும்பாலும் ஒரே வகுப்போடு சில வருடம் கூடவே போவார். எந்தப் பிள்ளை மாறிவிட்டது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த ஆசிரியர்களில் பலர் தம் சொந்தப் பிள்ளைகளையே இழந்தவர்கள். அவர்களுக்கும் துணை தேவைப்பட்டது.

2010 ஏப்ரலில் யுஷு பூமியதிர்ச்சியில் சுமார் 2,700 பேர் இறந்தார்கள். அது திபெத்தியர் வாழும் பூமி. அங்கே சீன மொழி மட்டும் தெரிந்த ஆலோசகரைவிட, இறந்தவர்களுக்கு இறுதிக்கடன் செய்த மதகுருமார்களே சனத்துக்கு நெருக்கமாக இருந்தார்கள். மொழியும் நம்பிக்கையும் தெரியாதவர் ஆறுதல் சொல்வது கடினம்.

2012 அக்டோபரில் சீனா தன் முதலாவது மனநலச் சட்டத்தை நிறைவேற்றியது. 2013 மே 1இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு பாடசாலைகளைப் பற்றியது. மாணவர்களுக்கு உளநலக் கல்வி கொடுக்க வேண்டும், இயற்கை அனர்த்தம் போன்றவை நடந்தால் பாடசாலை உடனே தகுதியானவர்களைக் கொண்டு உளவியல் உதவி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. தாங்ஷான் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று, 37 வருடம் கழித்துச் சட்டமானது. சட்டம் வந்ததால் வெட்கம் போய்விட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கேட்க உரிமை இருக்கிறது.

*ஓர் அதிபரின் ஒத்திகை*

இதே சிச்சுவானில் சாங்சாவோ இடைநிலைப் பாடசாலையின் அதிபராக அன்று இருந்தவர் யே ஜிபிங். தரமில்லாத கட்டடத்தை 1990களின் இறுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தினார். 2005 முதல் ஒவ்வொரு தவணையும் வெளியேறும் ஒத்திகை நடத்தினார். சிலர் சிரித்தார்கள். 2008 மே 12 அன்று 2,200க்கும் அதிகமான அவருடைய மாணவர்கள் 1 நிமிடம் 36 விநாடியில் மைதானத்துக்கு வந்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். பிள்ளைகள் அன்று ஓடினார்கள், ஏனென்றால் ஓடிப் பழகியிருந்தார்கள். பேசுவதும் அப்படித்தான். சாதாரண நாளில் "சேர், மனசு சரியில்ல" என்று சொல்லிப் பழகாத பிள்ளை, அனர்த்த நாளில் திடீரென்று சொல்லாது. அறையும் நிபுணரும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி சொன்னால் மருந்து கொடுங்கள், கூடவே கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். "பலமா இரு" என்று சொல்வதற்கு முன் "என்ன நடந்த?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் துருவ வேண்டாம், நாளைக்கும் கேளுங்கள். பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் போன பிள்ளையைப் பற்றித் தெருவில் கதைக்காதீர்கள். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள், அதோடு வைத்தியரிடமும் காட்டுங்கள். ஒன்று மற்றதுக்குத் தடையல்ல. இரவிலும் அழைக்கக்கூடிய தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைப் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.