ஏரிச் சங்கிலியும் ஈரடுக்கு உறையும்

தொண்டை மண்டலத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராயப் புகுவோர் கோயில்களை நோக்கும் அளவுக்கு ஏரிகளையும் நோக்குதல் வேண்டும். தாம்பரத்தை அடுத்த சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளில் ஐப்பசி, கார்த்திகை மழையால் பெருகும் ஜலம், கலங்கல் வழிந்து ஒன்றினின்று மற்றொன்றுக்கு இறங்கி, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சென்று சேருமாறு நம் முன்னோர் வகுத்த ஏற்பாடு வியக்கத்தக்கது. ஏரிகளைப் பராமரிப்பதற்கென்றே ஏரி வாரியம் இயங்கியதை, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சாற்றுகின்றன. ஊரார் ஒன்றுகூடி வண்டல் வாரிக் கரையை உயர்த்தும் குடிமராமத்து என்னும் வழக்கமும் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

இவ்வாறு காக்கப்பட்ட நீர் பயிருக்கு மட்டுமின்றி, கண்ணுக்கு எளிதில் புலனாகாத பல ஜந்துக்களுக்கும் ஜீவாதாரமாயிற்று. அவற்றுள் ஒன்று, சிலந்திக்கு உறவானதும், பெரும்பாலும் கடுகளவைத் தாண்டாததுமான நீர்ச்சிலந்திப்பேன். டென்மார்க்கின் நீர்நிலைகளில் வாழ்ந்த இவ்வினங்களை முல்லர் என்ற அறிஞர் 1781-இல் நூலாக விவரித்தார். இந்திய இனங்களைப் பற்றி டேவிட் குக் 1967-இல் தனி நூலே வெளியிட்டார்.

இதன் முட்டை அமைப்பு மிகவும் விசேஷமானது. தாய், நீரில் மூழ்கிய இலையிலோ கல்லிலோ முட்டைகளை இட்டு, அவற்றைக் கூழ் போன்ற பசையால் போர்த்துகிறது. உள்ளே கரு வளர வளர, ஓட்டுக்கு அடியிலுள்ள மெல்லிய சவ்வு உப்புகிறது, ஓடு பிளக்கிறது. ஆயினும் குஞ்சு உடனே வெளிப்படுவதில்லை. அச்சவ்வே இரண்டாம் உறையாகி, அங்கங்கள் பூர்த்தியாகும்வரை அதனைக் காக்கிறது. பின்னர் ஆறு கால்களுடன் வெளிவரும் இளம் உயிர், கொசு, தும்பி போன்ற பூச்சியொன்றைப் பற்றிக்கொண்டு அதன் உடற்சாற்றை உண்டு வாழ்கிறது; அப்பூச்சி பறந்து செல்லும் வேறு நீர்நிலைக்கும் அதனோடு சென்று சேர்கிறது. ஆகையால் ஓர் ஏரி கோடையில் வறண்டாலும் வம்சம் அற்றுப்போகாமைக்கு, அருகருகே பல ஏரிகள் இருப்பது பேருதவியாகிறது.

1931-இல் மின்சார ரயில் தாம்பரத்தை எட்டியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அக்கறையோடு மரங்களை நட்டு வளர்த்த அவ்வளாகம் இன்றும் வனமாகவே விளங்குகிறது. சுற்றுப்புற ஏரிகளுக்கோ அத்தகைய பாக்கியம் கிட்டவில்லை. குடியிருப்புகள் நெருங்கவே கழிவுநீர் புகுந்தது. நீர்த்தாவரங்கள் மடியுமிடத்தில் முட்டைக்குப் பற்றிடம் ஏது? ஆகவே, தூர் வாருவதோடு நில்லாமல், கழிவுநீரைத் தடுத்து, கரையோரக் கோரையையும் பாசியையும் வாழவிடுவதே இக்காலத்துக் குடிமராமத்தின் முதற்கடமையாகும்.