இரும்புக்கும் ஒரு வருகைப் பதிவேடு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் எஃகுக் கம்பிகளை எண் பார்த்து வாங்கி, அளந்து வெட்டி, உலைக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறான். குடும்பம், பிள்ளைகள் என்று பேசி முடித்துவிட்டு, "சார், இங்க ஒரு கம்பிய வெட்டணும்னா மொதல்ல அதுல இருக்க நம்பர மறுதுண்டுலயும் அடிச்சிரணும். நம்பர் அடிக்காம வெட்டுனா வேலையே போயிரும். அப்பல்லாம் உங்க கலர் சாக்பீஸ்தான் சார் ஞாபகம் வரும்" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அது 1986. திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துச் சிதம்பரனார் மாவட்டம் உண்டாக்கிய வருஷம். தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வரைபடம் போடுவதற்கென்று கலர் சாக்பீஸ் பெட்டி ஒன்றை மேஜையில் பத்திரமாக வைத்திருப்பேன். அதில் சிவப்பும் மஞ்சளும் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் டவுசர் பையில் நாலு துண்டு அகப்பட்டது. கொல்லாசாரி மகன். ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரம்பை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவன் அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு புது சாக்பீஸ் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"சார்வாள், பய எடுத்தது தப்புதான். நீங்க அடிச்சதும் சரிதான். எனக்குன்னுதான் எடுத்திருக்கான். எனக்கு எழுத்து தெரியாது. இரும்புல குறி போட்டுத் தாரது அவன்தான். இத வச்சுக்கிடுங்க."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "இரும்புல எதுக்கு அண்ணாச்சி குறி?" என்று மட்டும் கேட்டேன். "சாயங்காலம் பட்டறைக்கு வாங்க, காட்டுதேன்" என்றார்.

போனேன். கொல்லன் பட்டறை என்றால் துருத்தி, உலை, சம்மட்டி அடி, இவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரியும். அடிக்கு முன்னால் அங்கே ஒரு கணக்கு நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சுவரோரமாக நாலு குவியல் இருந்தது. ஒன்று மாட்டுவண்டிச் சக்கரத்தில் இருந்து கழற்றிய பட்டா. இரண்டாவது லாரியின் வில்லுப் பட்டை. மூன்றாவது தேய்ந்துபோன அரங்கள். நாலாவது கட்டடக் கம்பி. எல்லாம் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. துரு ஏறிய பிறகு எல்லாம் ஒரே நிறம். ஆனால் குணம் வேறு வேறு.

வண்டிப் பட்டா பச்சை இரும்பு. அதில் கரி மிகவும் குறைவு. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கெட்டிப்படாது. லாரிப் பட்டையில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி உண்டு. அரிவாளுக்கு அதுதான் ஏற்றது. அரத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேலே. உளிக்கு ஆகும்; ஆனால் தோய்ச்சல் பக்குவம் தப்பினால் கண்ணாடி மாதிரி ஒடியும். சதவீதம் எல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆசாரியார் சொன்னது இவ்வளவுதான்: "பட்டாவுல அரிவா அடிச்சா வாய் மடங்கும் சார்வாள். அரத்துல மம்பட்டி அடிச்சா கல்லுல பட்டதும் தெறிக்கும். தெறிச்சா எவன் கண்ணுல போய் விழுமோ!"

முழுப் பட்டையாகக் கிடக்கும்வரை வடிவத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். சிக்கல் வெட்டிய பிறகுதான். வெட்டிய மிச்சத் துண்டு எந்தக் குவியலைச் சேர்ந்தது? அதற்குத்தான் சாக்பீஸ். லாரிப் பட்டைக்குச் சிவப்பு, அரத்துக்கு மஞ்சள், பச்சை இரும்புக்கு வெள்ளை. எத்தனாவது தடவை வாங்கி வந்த சரக்கு என்பதற்குப் பையன் ஒரு எழுத்துப் போட்டுக் கொடுப்பான். குறி ஒரு முனையில்தான் இருக்கும். வெட்டுவதெல்லாம் மறுமுனையிலிருந்து. கடைசித் துண்டு தீரும்வரை குறி அழியாது. சாக்பீஸ் கையில் ஒட்டி அழிந்துவிடுமே என்றேன். முனையைத் திருப்பிக் காட்டினார். சிவப்புக்கு உளியால் ஒரு வெட்டு, மஞ்சளுக்கு இரண்டு வெட்டு.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வாடிக்கைக்காரர் கொண்டுவந்த பழைய அரிவாளைத் தராசில் போட்டார். 700 கிராம். உலையில் ஒவ்வொரு சூட்டிலும் இரும்பின் மேல்தோல் பொருக்காக உதிரும். அப்புறம் அரம் போட்டுத் தேய்க்கிற தேய்மானம். இரண்டுக்கும் சேதாரமாக 80 கிராம் சேர்த்துக்கொண்டார். பட்டை மேல் கையை விரித்து, "ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைச்சல்" என்று கோடு போட்டார். நான் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். பட்டை 6 செ.மீ. அகலம், 8 மி.மீ. கனம். எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். ஆகவே ஒரு செ.மீ. நீளத்துக்குச் சுமார் 38 கிராம். 780 கிராமுக்கு 20.7 செ.மீ. வருகிறது. அவர் போட்ட கோடு ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. நான் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்த கனஅளவுக் கணக்கு அவருடைய கையில் இருந்தது.

வெட்டும்போது கோடு போட்ட இடத்தை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். அதன்மேல் வெட்டிரும்பை வைத்துக்கொள்ள, கூட இருந்தவர் சம்மட்டியால் அடித்தார். முக்கால்வாசி இறங்கியதும் திருப்பிப்போட்டு ஒரு அடி. புதுச் சரக்கென்றால் அதற்கும் முன்னால் இரண்டு சோதனை. தட்டிப் பார்ப்பார்; கணீர் என்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். பிறகு ஓரத்தை ஒடித்து ஒடிந்த வாயைப் பார்ப்பார். உள்ளே மணி பொடியாக இருக்கிறதா, பருவெட்டாக இருக்கிறதா என்று.

வெட்டிப் பார்த்து வாங்குவது என்பது நம் நாட்டில் பழைய வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வியாபாரி தவேர்னியே, கோல்கொண்டா எஃகைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறிய ரொட்டி அளவுக்கு அது கட்டிகளாக விற்கப்பட்டது. தரம் தெரிவதற்காக ஒவ்வொரு கட்டியையும் இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். உலகம் 'ஊட்ஸ்' என்று சொல்கிற எஃகு இதுதான். நம்முடைய 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் எஃகு உருக்கிய அடையாளங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து இந்தக் கட்டிகள் லண்டனுக்குப் போயின. ஜார்ஜ் பியர்சன் 1795இல் ஆராய்ந்து எழுதினார். பின்னால் பாரடேயும் ஆராய்ந்தார். மின்சாரப் பாடத்தில் வருகிற அதே பாரடேதான். ஆனால் அங்கிருந்த கொல்லர்கள் பலருக்கு இது அடிபடவில்லை. தங்களுக்குப் பழகிய இரும்பைப் போலவே வெள்ளைச் சூட்டில் காய்ச்சி அடித்தார்கள். ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கரி உள்ள எஃகு, அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும். சிவப்புச் சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். கட்டி கடல் கடந்து போய்விட்டது. அது எந்தப் பக்குவத்துக்கு உரியது என்ற சேதி அதோடு போகவில்லை.

நான் வேலை பார்த்த ஊரிலிருந்து ஆதிச்சநல்லூர் பறம்பு அதிக தூரமில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு வாள், ஈட்டி, அம்பு முனை, மண்வெட்டி என்று இரும்புச் சாமான்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பட்டியலிட்டு எண் கொடுத்த அவருடைய நூல் 1915இல் வெளிவந்தது.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிவகளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. அறிஞர்கள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. இந்தக் காலக் கணக்கு அந்த இரும்பிலிருந்து நேராக எடுத்தது அல்ல. கூடக் கிடந்த கரியையும் பானையோட்டையும் சோதித்து எடுத்தது. எந்தக் குழி, எந்தத் தாழி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வைத்தால்தான் இரும்புக்கு வயது சொல்ல முடியும். குறிப்பு தொலைந்தால் அது வெறும் துருத் துண்டு.

திருச்சியிலிருந்து என் மாணவன் சொன்னதும் இதேதான். ஓர் உலையில் ஒருமுறை உருக்கி வார்த்ததற்கு ஒரு 'ஹீட் நம்பர்'. அதில் கரி எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று சான்றிதழ் வரும். கம்பியை வெட்டுவதற்கு முன் எண்ணை மறுதுண்டுக்கும் மாற்ற வேண்டும். பின்னால் எங்காவது ஒரு உருப்படி விரிசல் விட்டால், அதே உருக்கில் வந்த மற்றவை எங்கெங்கே போயின என்று தேடிப்பிடிக்கலாம். கொதிகலன் வெடித்தால் போவது உயிர் அல்லவா? அதனால்தான் நம் நாட்டில் 1923லேயே கொதிகலன் சட்டம் வந்தது. "எண் இல்லாத துண்டு எவ்வளவு நல்ல எஃகானாலும் இங்க காயலான் சாமான்தான் சார்" என்றான்.

2021இல் நம் காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னது. நம் ஜில்லாவில் அரிவாள் என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பட்டறைக்காரர்களுக்குப் பதிவேடு என்பது புதிது என்று யாராவது நினைத்தால், நான் பார்த்த அந்தச் சுவரோரத்தைச் சொல்லுவேன்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. ஆசாரியாரும் இல்லை. அவர் கொடுத்த சாக்பீஸ் பெட்டியை நான் அன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு பெட்டி வாங்கிப் பையன் கையில் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அடித்ததற்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வாரம் போனில் கேட்டேன். "விடுங்க சார், அன்னைக்கு நீங்க பட்டறைக்கு வந்தீங்களே, அது போதும். எங்கப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றான்.

நண்பர்களே, உங்கள் ஊரில் பட்டறை இன்னும் நடந்தால், ஒருநாள் போய்ப் பாருங்கள். அடிக்கிறதை மட்டும் பார்க்காதீர்கள். எந்த இரும்பை எடுக்கிறார், எதைப் பார்த்து எடுக்கிறார், மிச்சத்தை எங்கே வைக்கிறார் என்று கேட்டு, இங்கே கருத்தில் எழுதுங்கள். ஆசிரியராக இருக்கிற இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் பையில் சாக்பீஸ் இருந்தால், எதற்கு என்று முதலில் கேளுங்கள்.