விற்பனை வரியும் சிறு வணிகரும்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. கள், சாராயக் குத்தகையால் வந்த வருவாய் குன்றிற்று. அதனை ஈடுசெய்யும் நோக்குடன் பிறந்ததே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பல பொருள்களுக்கும் பொதுவாக இந்தியாவில் விதிக்கப்பெற்ற முதல் விற்பனை வரி இதுவே.

ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்கு உட்பட்ட கடைகளுக்கு வரியில்லை. எனினும், தம் விற்பனை அவ்வெல்லையைத் தாண்டவில்லை என்பதை மெய்ப்பிக்கச் சிட்டையும் பேரேடும் வேண்டுமன்றோ? நினைவிலேயே கணக்கு வைத்திருந்த சிறு வணிகருக்கு அது புதிய சுமை; காலப்போக்கில் அதுவே காப்புமாயிற்று.

2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வரியின் பெயர் மாறிற்று. விலக்கின் எல்லையும் உயர்ந்தது. வரி கேட்பவர்முன் வணிகனுக்காகப் பேசுவது இன்றும் அவன் கணக்கே.