ஆலையில் பாலூட்டும் நேரம்

மும்பையில் குடியேறிய நம்மவர் பலர் பரேல், லால்பாக் பகுதிகளை நன்கு அறிவர். அந்நகருக்குப் பம்பாய் என்று பெயர் வழங்கிய நாளில், அப்பகுதிகள் ஆலைச் சங்கின் ஒலியோடு விழித்தெழுந்தன. நூல் சுற்றும் பகுதிகளில் பெண்கள் திரளாக வேலை செய்தனர். 1922-ஆம் ஆண்டுச் சட்டமோ நாளொன்றுக்கு 11 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளித்தது. கைக்குழந்தை பசித்து அழுதால் தாய் என் செய்வாள்? அபினி கலந்த சிறு உருண்டையை ஊட்டி, அதனை உறங்கச் செய்துவிட்டு வேலைக்குச் சென்றாள். ‘பால கோலி’ என்பது அதன் பெயர். அந்நாளில் பம்பாய் அரசாங்கம் நியமித்த பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவர் இவ்வழக்கத்தை நேரில் ஆராய்ந்து எழுதினார். தாயைப் பழிப்பது எளிது. பழி அவளுடையதன்று என்பதே நம் கருத்து.

1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இருமுறை அரைமணி நேரம் அளிக்க வேண்டுமென உடன்படிக்கை செய்தது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. பத்தாண்டு கழித்து, 1929-இல், பம்பாய் மாகாணம் பேறுகால உதவிச் சட்டத்தை இயற்றிற்று. அதற்கு முந்திய ஆண்டில் சட்டசபையில் அம்மசோதாவை ஆதரித்துப் பேசியவருள் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். எனினும் தாய் ஆலைக்குத் திரும்பிய பின் குழந்தை எங்கே இருப்பது?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு விடை கூறியது. 50 பெண்களுக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள காப்பகம் அமைத்தல் கட்டாயமாயிற்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வுக்கு மேலாக, தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. சுரங்கங்களுக்கென 1963-இல் எழுந்த விதிகள் இடைவேளைக்கு 15 நிமிடம் வகுத்ததோடு, குழந்தையிடம் போய்வரும் நடைக்கெனத் தனியே 5 முதல் 15 நிமிடமும் சேர்த்தன. நடையை நினைவிற்கொண்ட அந்த அதிகாரி யாரோ, அவர் வாழ்க!

ஆயினும் அந்த 50 என்னும் எண் உறுத்தியது. நாற்பது பெண்கள் உழைக்கும் ஆலையில் குழந்தைக்குப் பசி குறைவா? 1976-இல் அது 30 ஆகக் குறைந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்து 50 பேர் எனக் கணக்கிட்டது நல்ல மாறுதல். பெண்களைக் குறைத்துக் காப்பகத்தைத் தவிர்க்கும் வழி அதனால் அடைபட்டது. தாய் தினம் நான்கு முறை காப்பகம் சென்று வரலாம் என்றும் அது கூறியது. ஆனால் முன்பு தனித்து நின்ற ஓய்வு நேரத்தை இந்த நான்கினுள்ளேயே அடக்கிவிட்டது.

கட்டட வேலைத் தலங்களின் கதை வேறு. அங்கே ஆலையும் இல்லை, நிலையான கூரையும் இல்லை. 1969-இல் தில்லியில், காந்தியடிகள் நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த பச்சிளங் குழந்தைகளைக் கண்டார் மீரா மகாதேவன். சட்டத்திற்குக் காத்திராமல், தாய்மார் மண் சுமந்த அவ்விடத்திலேயே காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெச்சஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. வேலை முடிந்து தொழிலாளர் அடுத்த தலத்திற்குப் பெயர்ந்தபோது, காப்பகமும் அவர்கள் பின்னே சென்றது.