பாயுங் கெடேயில் ஒரு நோட்டும் ஒரு கேமராவும்

1936-இல் பாலித் தீவுக்குக் கிளம்பியபோது மானிடவியலாளர்களான மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் லைக்கா கேமராவுக்காக 75 பிலிம் சுருள்கள் வாங்கிப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு அது போதும் என்று கணக்கு. ஒருநாள் பிற்பகல் பெற்றோரையும் பிள்ளைகளையும் முக்கால் மணி நேரம் கவனித்துவிட்டுப் பார்த்தால், மூன்று சுருள் தீர்ந்திருந்தது. அந்த வேகத்தில் போனால் 75 சுருளும் 20 மணி நேரத்தைக்கூடத் தாண்டாது. கேமராவைக் குறைப்பதா, பிலிமைக் கூட்டுவதா என்ற கேள்வி வந்தபோது அவர்கள் பிலிமைக் கூட்டினார்கள். பேட்சன் மொத்தமாக பிலிம் தருவித்தார். ஒரே தடவையில் பத்துச் சுருள் கழுவும் தொட்டியும் வந்து சேர்ந்தது. கடைசியில் கையில் இருந்தவை சுமார் 25,000 புகைப்படங்கள், 22,000 அடி 16 மி.மீ. சினிமா பிலிம்.

இனவரைவியலில் கேமராவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் எழுதிய கையைப் பற்றிப் பேச்சே இல்லை. மலைக் கிராமமான பாயுங் கெடேயில் பேட்சன் படமெடுக்க, மீட் நோட்டில் எழுதினார். யார் வந்தார், யார் எழுந்து போனார், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று நேரக் குறிப்போடு எழுதினார். அவர்களிடம் செயலராக இருந்த பாலிக்காரர் ஐ மடே காலெர், பேசப்பட்டதைப் பாலி மொழியிலேயே எழுதிவைத்தார். சினிமா பிலிம் ஊமை. குழந்தையிடம் தாய் என்ன சொன்னாள் என்று இன்று நமக்குத் தெரிந்தால், அது காலெரின் எழுத்திலிருந்துதான் தெரிகிறது.

அதற்காக நோட்டு போதும் என்று சொல்லிவிட முடியாது. 1942-இல் இருவரும் வெளியிட்ட நூலில் 759 படங்கள், 100 படத்தொகுப்புகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒரு வரிசை என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தாய் மகனைக் கூப்பிடுகிறாள். அவன் அழுதுகொண்டே வந்து மார்பில் கை வைக்கிறான். அவன் நெருங்க நெருங்க அவள் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. முகத்தில் கோபமில்லை, கையும் அவனை விலக்கவில்லை. கண் மட்டும் அவனிடம் இல்லை. எல்லாம் இரண்டொரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நோட்டில் எழுதுபவர் ‘தாய் கொஞ்சினாள், பிள்ளை அழுதது’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போயிருப்பார். கண் விலகிய அந்தக் கணம் எழுதும் வேகத்துக்கு அகப்படாது. அடுத்தடுத்து எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது தெரிகிறது. ஆனால் எது முன், எது பின், இடையில் எவ்வளவு நேரம் போனது என்பதற்கு மறுபடி நோட்டைத்தான் கேட்க வேண்டும்.

எழுதுபவர் கவனித்தது நோட்டில் தங்குகிறது. எடுத்தவர் கவனிக்காததும் பிலிமில் தங்கிவிடுகிறது. பிலிமுக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிலிமே தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. 1930-களின் பிற்பகுதியில் எடுத்து 1950-களின் தொடக்கத்தில் வெளியான ‘டிரான்ஸ் அண்ட் டான்ஸ் இன் பாலி’ படத்தில் பெண்கள் கிரிஸ் கத்தியைத் தங்கள் மார்புக்கு நேரே பிடித்து ஆவேசத்தில் ஆடுகிறார்கள். இரவில் நடக்கும் ஆட்டம் அது; படம் பிடிக்க வேண்டுமே என்று பகலில் நடத்தினார்கள். வழக்கமாக ஆடும் கிழவிகளுக்குப் பதிலாக ஏற்பாடு செய்தவர் இளம்பெண்களை நிறுத்தினார். அதுவரை சாமியாடியே அறியாத அந்தப் பெண்கள் பிசகாமல் ஆடினார்கள் என்று மீட் எழுதினார். எனக்கு ஆட்டத்தைவிட இந்தச் செய்தி பெரிதாகப் படுகிறது. ஊரே பார்த்துப் பார்த்து உடம்பில் ஏற்றிவைத்திருந்த ஒன்று வெளியே வந்திருக்கிறது. எழுதிவைக்காமல் போயிருந்தால், திரையில் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

சினிமா பிலிமை விறுவிறுப்பான நேரங்களுக்கென்றே சேமித்தார்கள். நொடிக்கு 16 சட்டகம் என்று வைத்தால் 22,000 அடி சுமார் 15 மணி நேரம்தான் ஓடும். சும்மா உட்கார்ந்திருந்த பொழுதெல்லாம் நோட்டின் பங்குக்கு வந்தது. இன்று ஒரு செல்போன் அந்த 15 மணி நேரத்தைவிட அதிகம் பதிவு செய்துவிடும். பிலிம் பஞ்சம் தீர்ந்தது. எடுத்ததை உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குத்தான் இப்போது பஞ்சம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல் வெளியான ஓர் உரையாடலில் மீடும் பேட்சனும் கேமராவை எப்படி ஓடவிடுவது என்பதைப் பற்றி மோதிக்கொண்டார்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட வேண்டும், பிறகு வருகிறவர் வேறு கேள்வியோடு பார்க்கட்டும் என்றார் மீட். ஆடாத கேமரா உருப்படியாக எதையும் பார்க்காது, எடுப்பவர் நகர்ந்து தேடித்தான் ஆக வேண்டும் என்றார் பேட்சன். நான் மீட் பக்கம். ஆனால் நோட்டு இல்லாத முக்காலியை நம்பமாட்டேன்.

பட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஓலைப்பெட்டி முடையும் ஓர் ஆச்சியை ஒன்றரை மணி நேரம் முக்காலி வைத்து எடுத்தேன். கேமராதான் ஓடுகிறதே என்று நோட்டைத் திறக்கவே இல்லை. ஓரிடத்தில் ஆச்சி நிறுத்துகிறார். சட்டகத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். முடைந்த இரண்டு வரியைப் பிரித்து, ஓலையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, வேறு விதமாக முடைகிறார். அங்கே நின்றது யார், என்ன சொன்னார்? மைக்கில் காற்று இரைச்சல் மட்டும் கேட்கிறது. விசாரிக்கலாம் என்று திரும்பப் போனபோது ஆச்சி இல்லை.

இப்போதெல்லாம் முதலில் நோட்டில் தேதி, மணி, இருக்கிறவர்கள் பெயர், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுகிறேன். பதிவை ஓடவிட்டதும் அந்தப் பக்கத்தை லென்ஸுக்கு நேரே பத்து நொடி பிடிக்கிறேன். பிறகு கேமராவுக்குப் பின்னால் நிற்காமல், அது பார்க்காத பக்கம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன்.