சோகிக் கணிதமும் வானநூற் போதனையும்

வானநூலைக் கற்பிப்பதற்கு வேண்டிய சாதனங்கள் யாவை என்னும் வினா எழும்போது, பூகோள உருண்டையும், கிரகங்களின் மாதிரியமைப்பும், தொலைநோக்கியுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை இல்லாத பாடசாலையில் அப்பாடத்தைச் செவ்வனே நடத்தவியலாது என்று கருதுவாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழர் வாழும் இரண்டு ஊர்களில் நிகழ்ந்தவற்றை நோக்குவோமாயின், சாதனம் எது என்பதிலும், அதனைக் கொண்டு மாணாக்கன் யாது செய்கின்றான் என்பதே முதன்மையானது என்னும் உண்மை புலனாகும்.

முதலாவது ஊர் புதுச்சேரி. சென்னை வானாய்வு நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய வாரன் என்னும் படையதிகாரி, தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளை ஆராய்ந்து, 1825ஆம் ஆண்டில் ‘காலசங்கலித’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அவருக்காகத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே 31, யூன் 1 ஆகிய நாட்களுக்கிடையே நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. சோகிகளை நிலத்திலே பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் கணித்தார். வேண்டிய அட்டவணைகள் யாவும் சொற்களாக அவர் நினைவில் இருந்தன.

இச்சொற்களே வாக்கியம் எனப்படுவன. மெய்யெழுத்துக்கள் எண்களைக் குறிக்கும்படி அமைக்கப்பட்டமையால், ஒரு சொற்றொடரைச் சொல்லுதல் ஓர் எண்ணைச் சொல்லுதலாகும். சந்திரன் புவிக்கு மிகச் சேய்மையான நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைவதற்கு 27½ நாளுக்குச் சற்றே கூடுதலாகச் செல்லும். இத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாட்களில் நிறைவுறும். ஆதலின், நாளொன்றுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனனஞ் செய்தவன் சந்திரனுடைய நிலையை எந்நாளுக்கும் கூறவல்லவனாவான்.

அக்கணிப்பிலே கிரகணத் தொடக்கத்திற்கு 4 நிமிடமும், நடுவிற்கு 23 நிமிடமும், முடிவிற்கு 52 நிமிடமுமே பிழை காணப்பட்டன. கருவியெதுவுமின்றி இத்துணை நுட்பம் எய்தியமை வியத்தற்குரியது. ஆனால், அக்கணிதர் தாம் கையாண்ட முறையின் காரணங்களை அறிந்தவரல்லர் என்று வாரன் எழுதியுள்ளார். விதி அவரிடம் இருந்தது; விளக்கம் இருக்கவில்லை. கணித வரலாற்றறிஞராகிய நொய்கபவர், இம்முறையின் மரபு பண்டைப் பாபிலோனிய வானநூல் வரை செல்வது என்று காட்டியுள்ளார். காரணம் மறந்த பின்னரும் விதி பல நூற்றாண்டுகள் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது ஊர் நமது வட்டுக்கோட்டை. அங்கே அமெரிக்க மிசனார் 1823இல் நிறுவிய செமினரியின் முதல் அதிபராகிய டானியல் பூவர் வானநூலுக்குச் சிறப்பிடம் அளித்தார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, விசுவநாத சாஸ்திரியாருடைய பஞ்சாங்கமும் பூவருடைய கணிப்பும் தொடக்க நேரத்திலும், கால அளவிலும், மறைவின் அளவிலும் வேறுபட்டன. அன்று மாலை பலரும் வானத்தை நோக்கி நின்றனர். நிகழ்ச்சி பூவருடைய கணிப்பையே ஒத்திருந்தது.

பூவருடைய நோக்கம் வானநூலோடு முடிந்ததன்று. சமயவாதமும் அதனிற் கலந்திருந்தது. எனினும், அவ்வேறுபாட்டை அறிவுக்கும் அறியாமைக்கும் இடையே எழுந்த போராகக் கொள்ளுதல் தவறு. புவியின் நிழலே சந்திரனை மறைக்கின்றது என்பதை ஆரியபடர் கி. பி. 499ஆம் ஆண்டளவிலேயே கூறிவிட்டார். சாஸ்திரியாரின் மரபில் குறைவுற்றிருந்தது கோட்பாடன்று. பழைய எண்களைப் புதிய அவதானத்தாற் காலந்தோறும் திருத்திக்கொள்ளும் வழக்கமே.

செமினரியின் பிற்கால அதிபராகிய ஹொய்சிங்ரன், 1848இல் இந்து வானநூலை மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புக்களோடும் யாழ்ப்பாணத்திலே பதிப்பித்தார். செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆயினும், இருவகைக் கணிதத்தையும் அருகருகே வைத்து ஆராயும் அந்நெறி நமக்கு இன்றும் பயன்படுவதாகும்.

ஏனெனில், அதற்கு வேண்டிய சாதனம் நம் வீடுதோறும் உள்ளது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இன்றும் யாழ்ப்பாணத்தில் வழங்குகின்றன. ஒரே திதி முடியும் நேரத்தை இரண்டிலிருந்தும் ஒரு மாதத்திற்கு எடுத்தெழுதுமாறு மாணாக்கரைப் பணிக்கலாம். அமாவாசை, பூரணை ஆகியவற்றை அடுத்து வேறுபாடு பொதுவாகச் சிறிதாயும், அட்டமியை அடுத்துச் சில மணித்தியாலம் வரை பெரிதாயும் இருத்தலை அவர்கள் காண்பர். ஞாயிற்றின் ஈர்ப்பாற் சந்திரனது ஓட்டத்தில் நேரும் மாறுபாடுகளைத் திருக்கணிதம் தனித்தனியே கணக்கிற் கொள்கின்றது. பழைய எண்களோ கிரகணம் நிகழும் வேளைக்குப் பொருந்த அமைந்தவை; எனவே, அவ்வேளையை விட்டு விலகுந்தோறும் பிழை வளர்கின்றது. இதனைத் தாமே எண்ணிக் கண்ட மாணாக்கர் எளிதில் மறவார்.

நிலத்தில் நிறுத்திய கோலொன்றும் அத்தகையதே. சித்திரைப் புத்தாண்டை அடுத்தும், ஆவணியின் நடுப்பகுதியை அடுத்தும் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு நண்பகலிலே தலைக்கு நேராக வருதலால் கோலின் நிழல் மறைகின்றது. அவ்விரு காலத்திற்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழுகின்றது. சித்திரையில் நிழல் மறையும் வேளை மணிக்கூட்டின்படி பன்னிரண்டு அன்று. ஏறக்குறையப் பத்து நிமிடம் பிந்தியதாகும். நமது நியமநேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைப் பற்றியது. யாழ்ப்பாணமோ 80 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் பாடத்தை இக்கோலே கற்பித்துவிடுகின்றது.

கிரகணம் எவ்வாறு உண்டாகின்றது என்பதைப் பாடநூலிலிருந்து பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர் நம்மிடையே பலர். அவர்களிற் பலர் அடுத்த கிரகணத்தன்று வானத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காரணம் அறியாது கணித்த புதுச்சேரிக் கணிதரேனும் வானத்தோடு ஒப்பிடத்தக்க விடையொன்றைத் தந்தார். விலைபெற்ற கருவிகள் கிடைக்குமாயின் அவற்றை வரவேற்போம். கிடைக்கும் வரையும், கிடைத்த பின்னரும், கணித்ததை வானத்தோடு ஒப்பிட்டுப் பிழையின் காரணத்தைத் தேடும் பழக்கத்தை மாணாக்கரிடத்து வளர்த்தல் ஆசிரியராகிய நமது கடனாகும்.