ஏ4 நெடுஞ்சாலை: ஒலுவிலும் மாக்கும்புரவும்

ஏ4 நெடுஞ்சாலை இலங்கையின் ‘ஏ’ தர வீதிகளில் மிக நீளமானது. கொழும்பில் புறப்பட்டு அவிசாவளை, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பை அடைகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 430 கி.மீ. பராமரிப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அம்பாறைக் கரையோரத்தில் அட்டாளைச்சேனைப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு உட்பட்ட ஒலுவில், கொழும்பிலிருந்து இவ்வழியே 370 கி.மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

இந்த வீதியின் மேற்கு முனைக்கு அருகே, கொட்டாவையை அடுத்த மாக்கும்புரவில், நாட்டின் இரண்டு அதிவேக நெடுஞ்சாலைகள் இதைச் சந்திக்கின்றன. அங்கே வாகனங்கள் மேம்பாலம் ஏறி, வளைந்து, கட்டண வாயிலைக் கடந்து நிற்காமல் ஓடுகின்றன. கிழக்கு முனையில் இதே வீதிதான் ஊர்களின் கடைத்தெரு, பள்ளிவாசல் முன்றல், பாடசாலைப் பாதை, அறுவடைக் காலத்தில் நெல் காயும் களம் எல்லாம். ‘வீதி அகலிப்பு’ என்ற ஒரே சொல் இவ்விரு முனைகளிலும் முற்றிலும் வேறான வேலைகளைக் குறிக்கிறது. இதைப் பிரித்தறியாமல் எழுதப்படும் திட்டங்களால்தான் கரையோர மக்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

பாதை

கொழும்பிலிருந்து நுகேகொடை, மஹரகம, கொட்டாவை, ஹோமாகம வழியாகச் செல்லும் பகுதி ‘ஹைலெவல் வீதி’ எனப்படுகிறது. இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை கடந்ததும் வீதி மலையில் ஏறி பெரகலையைத் தொடுகிறது. பின் கொஸ்லந்தை வழியாக, தியலும நீர்வீழ்ச்சியின் அடியால் வெல்லவாயவுக்கு இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் புதையுண்ட மீரியபெத்தை தோட்டக் குடியிருப்பு கொஸ்லந்தைக்கு அருகில்தான் இருந்தது. இந்த மலைப்பகுதியை அகலிப்பதென்றால் மலைச்சரிவை வெட்ட வேண்டும். வெட்டிய சரிவு மழையில் நிற்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்பே ஒவ்வோர் அடியும் எடுத்து வைக்கப்பட வேண்டும்.

வெல்லவாயவுக்கு அப்பால் புத்தளை, மொனராகலை, சியம்பலாண்டுவ. அதன்பின் யானைகள் குறுக்கிடும் லகுகலைக் காடு. பொத்துவிலில் கடல் தெரிகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பும் வீதி கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என ஊருக்கு ஊர் இடைவெளியே இல்லாத கரையோரத்தில் ஓடுகிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் பாதை இல்லாததால் இந்த ஊர்களின் முழுப் போக்குவரத்தையும் இந்த ஒரு வீதியே தாங்குகிறது.

மாக்கும்புர

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலையான தெற்கு நெடுஞ்சாலை (இ01) 2011 நவம்பர் 27இல் கொட்டாவைக்கும் காலிக்கு அருகிலுள்ள பின்னதூவைக்கும் இடையில் திறக்கப்பட்டது. 2014இல் மாத்தறைக்கு அருகிலுள்ள கொடகம வரையும், 2020 பெப்ரவரியில் மத்தளை, அம்பாந்தோட்டை வரையும் நீண்டது. கொழும்பைச் சுற்றி வளைக்கும் வெளிவட்ட நெடுஞ்சாலையின் (இ02) முதற்கட்டம் 2014 மார்ச்சில் கொட்டாவையிலிருந்து கடுவெல வரையும், இரண்டாவது 2015இல் கடவத்தை வரையும், மூன்றாவது 2019 நவம்பரில் கெரவலப்பிட்டி வரையும் திறக்கப்பட்டன. கெரவலப்பிட்டியில் அது கட்டுநாயக்க நெடுஞ்சாலையுடன் (இ03) சேர்கிறது. இப்படித் தெற்குக்கும் விமான நிலையத்துக்கும் கொழும்பு நகருக்குள் நுழையாமலே போய்வரும் வழி உருவானது.

இந்த வலையில் ஏ4 ஏறிக்கொள்ளும் இடம்தான் மாக்கும்புர. களனிவெளி ரயில் பாதையும் அருகில் செல்வதால், 2019இல் அங்கே பஸ், ரயில், அதிவேக வீதி பஸ் மூன்றையும் இணைக்கும் பல்வகைப் போக்குவரத்து நிலையம் திறக்கப்பட்டது. காலி, மாத்தறைக்கான அதிவேக பஸ்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. ஹைலெவல் வீதியின் நெரிசலில் பஸ் சிக்கிக்கொள்ளாமல் பயணிகளை நகர விளிம்பிலேயே இறக்கி ஏற்றும் இந்த ஏற்பாடு, வீதி அகலிப்பு மட்டும் தீர்க்க முடியாத ஒன்றைத் தீர்த்தது.

அம்பாறைக் கரையோரத்துக்கும் இதில் பங்குண்டு. அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்குச் செல்பவர் வெல்லவாய வரை ஏ4இல் வந்து, பெரகலை மலையேறாமல் ஏ2 வழியே தெற்கே இறங்கி, மத்தளைப் பக்கமாக அதிவேக வீதியில் ஏறி, மாக்கும்புரவில் மறுபடி ஏ4ஐச் சந்திக்கலாம். தூரம் கூடினாலும் வளைவுகள் குறைவு.

கட்டண வீதியில் இடமாறல்

அதிவேக நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஏறி இறங்கும் பல்மட்டச் சந்தியை இலங்கையில் இடமாறல் என்கிறார்கள். குறுக்கு வெட்டும் வீதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்ல, வளைந்த இணைப்புப் பாதைகள் இரண்டையும் சேர்க்கின்றன. சென்னையில் 2008இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் நான்கு இதழ் கொண்ட வடிவம். நாற்புறமும் போக்குவரத்து சமமாக வரும் நகரச் சந்திக்கு அது பொருந்தும்.

கட்டண வீதிக்குப் பெரும்பாலும் அது பொருந்தாது. நான்கு இதழ்ச் சந்தியில் இணைப்புப் பாதைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் கட்டண வாயில் வைத்தால் ஆட்செலவு பெருகும். எக்காளம் போல் ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் நேர்ப்பாதையுமாக அமையும் வடிவத்தில் எல்லா இணைப்புகளும் ஒரே கழுத்தில் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு வாயில் போதும். உலகெங்கும் கட்டண வீதிகள் இவ்வடிவத்தை விரும்புவதன் காரணம் இதுதான். இலங்கையின் தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும்போது அட்டை பெற்று, வெளியேறும்போது ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் முறை தொடங்கியது. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம் எவற்றுக்கும் அங்கே அனுமதியில்லை. உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டண வீதியில் புதிய இடமாறலைப் பொருத்துவது, புது வீதியில் கட்டுவதைவிடக் கடினமான வேலை. போக்குவரத்தை நிறுத்த முடியாது, அதனால் தடங்களை ஒடுக்கி, வேகத்தைக் குறைத்து, பாலத் தாங்கிகளைப் பகுதி பகுதியாக எழுப்ப வேண்டும். வீதியைத் தாங்கும் பழைய மண்மேடு ஏற்கெனவே அமிழ்ந்து இறுகியிருக்கும். பக்கத்தில் கொட்டும் புதிய மண் இனிமேல்தான் அமிழும். இரண்டும் சேரும் கோட்டில் வெடிப்பு விழாதிருக்க, புதிய மண்ணின்மேல் கூடுதல் பாரம் ஏற்றி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கொழும்பைச் சுற்றிய தாழ்நிலமும் சதுப்பும் இந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டுகின்றன.

மத்திய நெடுஞ்சாலை (இ04) கடவத்தையில் வெளிவட்ட வீதியுடன் இணையும் இடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் கொழும்புப் பக்கத்தில் அதை வலையுடன் சேர்க்கும் கடவத்தை–மீரிகம பகுதி, சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் தொடங்கி, 2022 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோனது. வேலை 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. நடுத்துண்டு முடிந்தும் தலைத்துண்டு இல்லாததால், அந்த வீதியில் செல்பவர் கொழும்பிலிருந்து மீரிகம வரை பழைய வீதிகளிலேயே நெரிசல்பட வேண்டியிருந்தது.

ஏ4இன் மேற்குப் பாதிக்கு இணையாகத் திட்டமிட்ட ருவன்புர நெடுஞ்சாலை கஹதுடுவவில் தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இங்கிரிய, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளையை அடைய வேண்டும். 2021இல் தொடங்கிய அந்த வேலையும் நெருக்கடியில் நின்றது.

காணி

வீதி வேலையில் மண்ணைவிடக் காணியே பெரிய சிக்கல். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அரசு பொதுத் தேவைக்குக் காணியை எடுக்கலாம். 38ஆம் பிரிவின் நிபந்தனை வாசகம் அவசரமெனில் உடனடியாக உடைமை கொள்ளவும் இடம் தருகிறது. தெற்கு நெடுஞ்சாலைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட பாதையிலிருந்து வீதி விலகியபோது, புதிதாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அவர்களில் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அவர்களுக்குச் செவிசாய்க்காதது இயற்கை நீதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கப் பணித்தது. வீதியை நிறுத்தவில்லை. நிதியளித்த ஆசிய அபிவிருத்தி வங்கியின் விசாரணைக் குழுவும் இதே திட்டத்தை ஆராய்ந்தது.

அத்திட்டத்தில் உருவான காணி எடுத்தல் மற்றும் மீள்குடியேற்றக் குழு, சட்டப்படியான மதிப்பீட்டுக்கு மேலாக, அதே போன்ற வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டு உரிமையாளருடன் மேசையில் பேசித் தொகை முடிவு செய்தது. தேசிய வலிந்த மீள்குடியேற்றக் கொள்கை 2001இல் வந்தது. இந்த முன்மாதிரி கிழக்குக் கரையோரத்துக்கு மிக முக்கியம். ஏனெனில் இங்கே வீதியோரத்தில் எடுக்கப்படுவது தென்னந்தோட்டத்தின் ஒரு மூலை அல்ல, ஒரு குடும்பம் சாப்பிடும் கடை. வாடகைக்குக் கடை நடத்துபவருக்குக் காணி உறுதி இருக்காது, ஆனால் பிழைப்பு அதிலேதான். அவருக்கான ஈட்டுத்தொகை முதலில் எழுதப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அம்பாறைக் கரையோரம்

அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 25 கி.மீ. வீதி, உள்நாட்டுப் போர் முடிந்தபின் காபட் (தார்க்கலவை) இடப்பட்டது. பெரும்பகுதி இன்னும் இருவழிப்பாதையே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் களப்பும். இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணற்திட்டில் நாட்டின் மிக நெருக்கமான ஊர்கள் சில இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் நிகழ்ந்தது. அதன்பின் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என அரசு விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டாலும், கடலோரம் அஞ்சியவர்கள் வீதிப்பக்கம் காணி தேடினார்கள். அகலிப்புக்கு இடம் கேட்கும் அளவை நாடா இன்று அந்த வீடுகளின் மதிலில்தான் போய் முட்டுகிறது.

அகலிப்பு முடியாததல்ல என்பதற்கு இதே ஏ4இல் காத்தான்குடி சாட்சி. அங்கே பிரதான வீதி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நடுவே பேரீச்சை மரங்கள் நடப்பட்டுள்ளன. மட்டக்களப்பின் நுழைவாயிலில், 1924ஆம் ஆண்டின் ஒடுங்கிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானிய உதவியுடன் புதிய கல்லடிப் பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஒற்றை வழியில் மாறி மாறிக் காத்திருந்த வாகன வரிசை அத்துடன் தீர்ந்தது. மொத்த வீதியையும் அகலிக்காமல், கழுத்து நெரிபடும் இடத்தை மட்டும் திருத்தினாலே எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதற்கு அந்தப் பாலம் போதும்.

ஒலுவிலில் வீதிக்குச் சுமை சேர்த்தவை இரண்டு: பல்கலைக்கழகமும் துறைமுகமும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது. அதற்கு அடித்தளமிட்டவர் அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப். நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்திறங்கும் இடம் இது. இங்கே தேவை வேகமான வீதியல்ல. நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு, வெளிச்சமான கடவை, பஸ் வீதியை விட்டு ஒதுங்கி நிற்க ஒரு தரிப்பிடம். இவற்றின் செலவு எந்த இடமாறலின் ஒரு தூணுக்கும் ஈடாகாது.

துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. சரக்கு லொறிகள் வரிசையாக ஏ4இல் ஏறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. வாயில் மணலால் தூர்ந்தது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்து, தென்னந்தோப்புகளையும் காணிகளையும் விழுங்கியது. வணிகக் கப்பல் வராத துறைமுகத்துக்கு நான்கு வழிப்பாதை எதற்கு? எதிர்பார்ப்பை வைத்து வீதியை அகலிப்பதன் ஆபத்து ஒலுவிலில் கண்ணெதிரே இருக்கிறது.

நீரின் வழி

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களில் விழும் வடகீழ்ப் பருவமழை நீர் கடலை அடைய ஏ4ஐக் கடந்தாக வேண்டும். ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையே களியோடை ஆறு அப்படித்தான் பாலத்தின் கீழ் செல்கிறது. வீதியை உயர்த்தி அகலப்படுத்தும்போது பழைய மதகுகளை அதே அளவில் நீட்டிவிட்டால், மேற்கே வயல் மூழ்கும். மதகே இல்லாமல் மண் நிரப்பினால் வீதி அணையாகிவிடும். தெற்கு நெடுஞ்சாலையிலும் 2017 மே வெள்ளத்தில் வெலிபென்ன இடமாறல் நீரில் மூழ்கியது.

2024 நவம்பர் 26இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளம் குறுக்கறுத்த இடத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த நிந்தவூர் மத்ரஸா மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். காரைதீவில் ஏ4ஐ விட்டுப் பிரிந்து அம்பாறைக்குச் செல்லும் ஏ31 வீதி அது. பஸ்ஸும் வேனும் ஓட முடியாத நீரில் உயரமான சக்கரம் உள்ள உழவு இயந்திரமே கரையோரத்தில் வழமையான துணை. பிள்ளைகளை வீடு சேர்க்க வேறு வழியிருக்கவில்லை. கிழக்கில் வீதிக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் இத்தகைய தாழ்ந்த துண்டுகளை உயர்த்தவும், நீர் அடியால் ஓடப் போதிய கண்கள் கொண்ட பாலம் கட்டவும் போக வேண்டும்.

வீதியோர வடிகான்களின் நிலையும் இதையே சொல்கிறது. காபட் மேல் காபட் இட்டு வீதி உயர, வடிகான் அதே மட்டத்தில் நிற்க, மழைநீர் கடைகளுக்குள் நுழைகிறது. பழைய காபட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை இடும் முறை உண்டு. ஊர்களின் ஊடாகச் செல்லும் பகுதியில் அதைக் கட்டாயமாக்கலாம். அறுவடை மாதங்களில் வீதியோரம் நெல் காயப்போடுவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அகன்ற தார் ஓரம் கிடைத்தால் நெல் அங்கேதான் விரியும், இரவில் மோட்டார் சைக்கிள்கள் அதில் சறுக்கும். வயல்பக்கமாகச் சீமெந்துக் களங்களை அமைத்துக் கொடுப்பதும் வீதிப் பாதுகாப்பு வேலைதான். அதற்கான இடமும் பணமும் அகலிப்பு மதிப்பீட்டிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.